ஃபார்மேட் அடித்தும் போகாத ரீடைரக்ட்: மேலூர் ஜெராக்ஸ் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேலூர் தாலுகா அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள கடை. போர்டில்தான் ஜெராக்ஸ், வருமானத்தில் பெரும்பங்கு ஆன்லைன் வேலையில் வருகிறது. பட்டா-சிட்டா எடுப்பது, வில்லங்கம் பார்ப்பது, சாதி, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, கரண்ட் பில் கட்டுவது, தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் ராத்திரி வரை விண்ணப்பம் போடுவது. மேலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள் தாலுகா அலுவலகத்துக்குள் நுழைவதற்கு முன் இங்கேதான் ஏறுவார்கள்.

கடையில் இரண்டு சிஸ்டம். கவுண்டரில் ஒன்று, உள்ளறையில் ஒன்று. இரண்டிலும் விண்டோஸ் 10, இரண்டிலும் குரோம், இரண்டிலும் கடையின் ஒரே ஜிமெயில் கணக்கு சிங்க் ஆகும்படி, அதாவது ஒன்றின் குரோமில் உள்ளது மற்றதிலும் வரும்படி, லாகின் செய்யப்பட்டிருந்தது. கவுண்டரில் கடைக்காரரும் டைப்பிங் பார்க்கும் பெண்ணும் மாறிமாறி உட்காருவார்கள். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு கேட்டு குரோம் ‘சேமிக்கவா’ என்றால் பெரும்பாலும் ‘சரி’தான். அடுத்த முறை அந்த ஆள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருவார், அப்போது நமக்கு வேலை மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

நான் மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். ஏற்கெனவே ஒருமுறை ஃபார்மேட் அடித்து முடித்த பிறகுதான் இந்த வேலை என்னிடம் வந்தது. “அண்ணே, பட்டான்னு அடிச்சா வேற எங்கேயோ கூட்டிட்டுப் போகுது. ஃபார்மேட் அடிச்சும் போக மாட்டேங்குதுண்ணே” என்று போனில் சொன்னார் கடைக்காரர்.

என் கைக்கு வருவதற்கு முன்

கவுண்டர் சிஸ்டத்தில் முகவரிப் பட்டையில் எதைத் தட்டினாலும் கூகுள் வராமல் வேறொரு தேடல் பக்கம் வருவதுதான் (ரீடைரக்ட் என்பது இதைத்தான்) முதலில் கவனிக்கப்பட்டது. பார்க்க ஒழுங்கான பக்கமாகவே இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நான்கைந்து முடிவுகள் விளம்பரம் என்பதும், அரசுத் தளங்களின் பெயரை ஒட்டியே பெயர் வைத்த தனியார் தளங்கள் அவை என்பதும் அவசரத்தில் கண்ணில் படவில்லை.

விஷயம் முற்றியது ஒரு பட்டா நகலில். தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா-சிட்டா பார்த்து எடுக்கக் கட்டணம் கிடையாது. மொபைலுக்கு வரும் ஓடிபி போதும். அன்று திறந்த பக்கமோ ‘சேவைக் கட்டணம்’ என்று 499 ரூபாய் கேட்டது. கவுண்டரில் கூட்டம். கடைக்காரர் யுபிஐ-யில் கட்டிவிட்டார். நகல் வரவில்லை, ‘24 மணி நேரத்தில் மின்னஞ்சலில் வரும்’ என்ற வரிதான் வந்தது. மறுநாள் அந்த விவசாயி வந்து நின்றபோதுதான் அது அரசுத் தளமே இல்லை என்று தெரிந்தது. கடைக்காரர் தன் கையிலிருந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளூரில் சர்வீஸ் பார்க்கும் தம்பி ஒருவர் வந்து குரோமை நீக்கி மறுபடி போட்டார். போகவில்லை. சி டிரைவை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். அரைநாள் நன்றாக இருந்தது. குரோமில் ஜிமெயில் லாகின் செய்ததும் புது டேப் பக்கம் மாறியது. டி டிரைவிலிருந்து வழக்கமான மென்பொருள்களை எல்லாம் ஏற்றிய பிறகு பழைய கதை முழுசாகத் திரும்பியது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நம் பக்கத்தில் எந்தத் தொல்லைக்கும் கடைசி மருந்து ஃபார்மேட்தான். பத்தில் எட்டுக்கு அது கேட்கவும் செய்யும்.

நேரில் பார்த்தது

மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் ஏறும் முன்பே போனில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டேன். அதே வைஃபையில் உள்ள செல்போனில் இப்படி ஆகிறதா? உள்ளறை சிஸ்டத்தில்? செல்போனில் இல்லை, உள்ளறையில் லேசாக உண்டு என்றார்.

செல்போனில் இல்லை என்பது பெரிய தகவல். தளத்தின் பெயரைத் தட்டினால் அது இருக்கும் இடத்தைச் சொல்வது டிஎன்எஸ்; ரவுட்டரில் அது மாற்றப்பட்டிருந்தால் அந்த வைஃபையில் உள்ள எல்லாக் கருவியும் தடம் மாறும். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அம்பலப்படுத்திய டிஎன்எஸ் சேஞ்சர், டிஎன்எஸ்-ஐ மாற்றும் வகை: எஸ்தோனியாவிலிருந்து இயங்கிய கும்பல் உலகமெங்கும் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றி வைத்திருந்தது. இங்கே ரவுட்டர் காரணமாகத் தெரியவில்லை. இருந்தாலும் போனதும் ரவுட்டரின் டிஎன்எஸ், இரண்டு சிஸ்டத்தின் டிஎன்எஸ், பிராக்ஸி, ஹோஸ்ட்ஸ் ஃபைல் என்று தடத்தைத் திருப்பக்கூடிய நான்கையும் பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

அப்புறம் கவுண்டர் சிஸ்டத்தில் உட்கார்ந்து, எதையும் நீக்காமல், முகவரிப் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தையைத் தேடினேன். என்டர் தட்டியதும் பெயர் தெரியாத ஒரு முகவரி வந்து மறைந்தது, பிறகு இன்னொன்று, கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேடல் தளம். இந்தத் தொழிலின் வருமானமே அந்த நடு முகவரிகளில்தான். தேடுகிற ஆளைத் தங்கள் வழியாகத் திருப்பிவிட்டு, விளம்பரக் காசில் பங்கு வாங்குகிறார்கள். முடிவில் நல்ல தளத்தில் கொண்டுபோய் நிறுத்துவதால் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு ஏது நிறுவனம்? சில ஆன்டிவைரஸ்கள் போட்டாலும் இந்த வரி வரும், அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. குரோமோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சிறு மென்பொருளான எக்ஸ்டென்ஷன்களின் பக்கத்தைத் திறந்தால் இரண்டு இருந்தன. ஒன்று பிடிஎஃப் கருவி என்ற பெயரில், நீக்கும் பட்டனோடு. இன்னொன்றுக்கு நீக்கும் பட்டனே இல்லை. குரோமின் பாலிசி பக்கத்தில், கட்டாயமாக ஏற்ற வேண்டிய எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலில் 32 எழுத்து கொண்ட ஓர் அடையாளம் இருந்தது. பட்டன் இல்லாத அந்த இரண்டாவதன் அடையாளமும் அதுவே.

உள்ளறை சிஸ்டத்தில் ‘நிறுவனம்’ வரி இல்லை, கட்டாயப் பட்டியல் இல்லை. பிடிஎஃப் கருவி மட்டும் இருந்தது. இந்த வித்தியாசம்தான் வழிகாட்டியது: கடையில் இருப்பது ஒரு தொல்லை அல்ல, இரண்டு. ஒன்று ஜிமெயில் கணக்கோடு சிங்க் ஆகி வருகிறது. மற்றது கவுண்டர் சிஸ்டத்திலேயே எங்கிருந்தோ முளைக்கிறது.

முளைக்கும் இடம்

கட்டாயப் பட்டியல், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடமான ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படுகிறது. சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கினால் கிடைக்கும். நெட் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு அந்தப் பதிவை நீக்கினேன். லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வந்தேன். திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் வந்த வேகத்தில் மறைந்தது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்தால் நீக்கிய பதிவு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

“அந்தக் கறுப்பு டெய்லி காலைல வரும் சார். பிரிண்டருக்கு ஏதோ லோடாகுதுன்னு நெனச்சோம்” என்றார் டைப்பிங் பார்க்கும் பெண்.

வேலைகளைக் குறித்த சமயத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தேடினேன். ஏதோ அப்டேட் வேலை போலப் பெயர் வைத்த ஒரு பணி (டாஸ்க்), யார் லாகின் செய்தாலும் ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஓட்டுவது, விண்டோஸுக்கான கட்டளைகளை எழுதி வைத்த பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை. ஸ்கிரிப்ட் புரோகிராம் டேட்டா ஃபோல்டரில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அது செய்த வேலை சுருக்கம்: கட்டாயப் பட்டியல் இருக்கிறதா பார், இல்லையென்றால் எழுது. குரோமுக்கும் எட்ஜுக்கும் தனித்தனியாக. எக்ஸ்டென்ஷனை மட்டும் குறிவைப்பது ஒட்டடையை அடித்துவிட்டுச் சிலந்தியை விட்டுவைத்த கதைதான்.

2024 ஆகஸ்டில் ரீசன்லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கிட்டத்தட்ட இதே வழிமுறையை விவரித்து அறிக்கை வெளியிட்டது. பிரபல மென்பொருள்களின் பெயரில் போலி டவுன்லோட் தளங்கள், அங்கிருந்து வரும் இன்ஸ்டாலர், அது வைக்கும் டாஸ்க், டாஸ்க் ஓட்டும் பவர்ஷெல், அது எழுதும் ரெஜிஸ்ட்ரி. குறைந்தது 3 லட்சம் பேர் சிக்கியதாக அதில் கணக்கு. இந்தக் கடையில் இருந்தது அதே கூட்டத்தின் வேலையா என்று ஸ்கிரிப்டை வைத்து உறுதி செய்ய முடியாது, அச்சு ஒன்றுதான்.

டாஸ்க்கை வைத்தது யார்? டி டிரைவில் ‘சாஃப்ட்வேர்’ என்று ஒரு ஃபோல்டர். ஃபார்மேட் சி டிரைவோடு நின்றுவிடுவதால் இது தொடப்படவே இல்லை. அதில் தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர் டிரைவர், போட்டோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் (காசு கட்டாமல் பூட்டை உடைத்த) பதிப்பு, கூடவே பிடிஎஃப் மாற்றும் இலவச மென்பொருள் ஒன்றின் இன்ஸ்டாலர். விண்ணப்பத் தளங்கள் போட்டோ 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள், சான்றிதழ் பிடிஎஃப்-ஆக என்று கேட்பதால் இந்த மாதிரிக் கருவி இல்லாமல் கடை ஓடாது. இன்ஸ்டாலரின் பிராப்பர்ட்டீஸில், வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான பகுதியே இல்லை. மென்பொருளை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து எடுத்ததில்லை. டவுன்லோட் பக்கத்தில் பெரிதாகப் பச்சையாக இருந்த பட்டன் விளம்பரம், அதைத்தான் அழுத்தியிருக்கிறார்கள்.

அந்த ஒரு ஃபைலை மட்டும் என் மடிக்கணினியிலிருந்து, பல ஆன்டிவைரஸ் எஞ்சின்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் தளமான வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்த்தேன். பல எஞ்சின்கள் சிவப்புக் காட்டின. இதில் ஒரு எச்சரிக்கை: வைரஸ்டோட்டலில் ஏற்றும் ஃபைல்கள் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கைக்கும் போகும். வாடிக்கையாளரின் ஆதார் நகல், பத்திரம் இருக்கும் ஃபோல்டரை அங்கே கொண்டுபோய் ஏற்றக் கூடாது.

கவுண்டர் சிஸ்டத்தில் விண்டோஸ் டிஃபெண்டர் அணைந்து கிடந்தது. கிராக் பதிப்பை ஏற்றும் குறிப்பிலேயே ‘முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று எழுதியிருந்ததாம். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னதும் ஒருவர் செய்திருக்கிறார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எடுத்த முடிவுகள்

மறுபடி ஃபார்மேட் வேண்டாம் என்பது முதல் முடிவு. காரணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சி டிரைவை அழிப்பது அதைத் தொடாது.

நீக்கும் வரிசை இரண்டாவது. டாஸ்க் முதலில், ஸ்கிரிப்ட் அடுத்து, ரெஜிஸ்ட்ரிப் பதிவு அதற்கடுத்து. இந்த வரிசை மாறினால், நீக்கிய ரெஜிஸ்ட்ரிப் பதிவை டாஸ்க் மறுபடி எழுதிவிடும். ஸ்கிரிப்டை அழிக்கும் முன் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டேன், புகாருக்கு ஆகும் என்று. பதிவு போனதும் குரோமைத் திறந்தால் ‘நிறுவனம்’ வரியைக் காணோம், அந்த எக்ஸ்டென்ஷனும் தானாக விலகியிருந்தது. டெஸ்க்டாப் ஷார்ட்கட்டையும் டாஸ்க்பாரில் பின் செய்ததையும் தனித்தனியே பார்த்தேன். டாஸ்க்பாரில் உள்ளதன் டார்கெட் வரியில் குரோமின் பாதைக்குப் பின்னால் ஒரு இணைய முகவரி ஒட்டியிருந்தது. இரண்டையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். பலர் விட்டுவிடும் இடம் இது.

சிங்க் ஆகி வரும் பிடிஎஃப் கருவியை நெட் உள்ள உள்ளறை சிஸ்டத்தில் நீக்கினேன். சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது நீக்கினால்தான் அந்த நீக்கம் கூகுள் கணக்கிலும் ஏறும். ஃபார்மேட்டில் கம்ப்யூட்டரில் இருந்ததுதான் போனது, கணக்கில் இருந்தது அப்படியே காத்திருந்தது. அதனால்தான் லாகின் செய்த நிமிஷமே புது டேப் மாறியது.

டி டிரைவின் ‘சாஃப்ட்வேர்’ ஃபோல்டரை முழுக்க நீக்கச் சொன்னேன். கடைக்காரருக்கு மனசே வரவில்லை. வருஷக் கணக்கில் சேர்த்தது. பேசிப் பேசி, எழுத்துருக்கள் மட்டும் தங்கட்டும், மென்பொருளை ஏற்றும் இஎக்ஸ்இ ஃபைல் எல்லாம் போகட்டும், தேவையானதை அந்தந்தத் தளத்திலிருந்தே மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று முடிந்தது.

இதன் பிறகுதான் ஸ்கேன். சுத்தமான மடிக்கணினியில் எடுத்த, இந்த மாதிரித் தொல்லைகளை நீக்கும் கருவியான அட்வ்கிளீனரைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டினேன். மிச்சம் சில பதிவுகளைப் பிடித்தது. டிஃபெண்டரை உயிர்ப்பித்து ஆஃப்லைன் ஸ்கேன் கொடுத்தேன். விண்டோஸ் செக்யூரிட்டியில், ‘வைரஸ்’ என்ற கணக்கில் வராத தேவையற்ற மென்பொருள்களையும் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது இயங்குகிறதா என்று பார்த்துப் போட்டுவிட்டேன்.

பாஸ்வேர்டு பற்றிய தகராறு

கடினமான முடிவு இதுதான். இரண்டு எக்ஸ்டென்ஷன்களுக்கும் ‘எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி இருந்தது. அவை பாஸ்வேர்டைத் திருடின என்பதற்கு எந்தத் தடயமும் நான் பார்க்கவில்லை. ஆனால் திருட நினைத்திருந்தால் தடுக்க எதுவும் இல்லை.

கடையின் ஜிமெயில், நெட் பேங்கிங் இரண்டின் பாஸ்வேர்டையும் செல்போனிலிருந்து மாற்ற வைத்தேன். ஜிமெயிலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பும். மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி கொடுத்தேன், ஏனென்றால் லாகின் நிலைத்திருக்கும் குக்கீ யாரிடமாவது இருந்தால் பாஸ்வேர்டை மாற்றியது மட்டும் போதாமல் போகலாம்.

வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு? “சொன்னா நாளைக்கு எதுத்த கடைக்குப் போயிருவாங்கண்ணே” என்றார் கடைக்காரர். அவர் பயம் நியாயமானது. நான் சொன்னது: நாம் சொல்லாமல் நாளைக்கு ஒருவரின் விண்ணப்பத்தில் யாராவது கை வைத்தால், கேள்வி உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்கும். டைப்பிங் பார்க்கும் பெண் பேச்சை முடித்து வைத்தார். விண்ணப்பம் போடுகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதும் நீள நோட்டு ஒன்று கவுண்டரில் உண்டு. பிடிஎஃப் மென்பொருள் எப்போது ஏற்றப்பட்டது என்பதற்கு டவுன்லோட் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பின் கவுண்டரில் லாகின் செய்தவர்களுக்கு மட்டும் போன் செய்து, ‘கம்ப்யூட்டர்ல கோளாறு இருந்துச்சு, பாஸ்வேர்டை உங்க போன்லேயே ஒரு தடவை மாத்திருங்க’ என்று சொல்லலாம் என்றார். அப்படியே முடிவானது. குரோமில் சேமித்திருந்த வாடிக்கையாளர் பாஸ்வேர்டுகள் அனைத்தும் அன்றே அழிக்கப்பட்டன.

499 ரூபாய் விஷயத்துக்கு, சைபர் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொன்னேன். பணம் போனதும் அழைத்தால்தான் அந்த எண்ணுக்குப் பலம்; பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தப் பார்ப்பார்கள். இங்கே நாள் கடந்திருந்தது. இருந்தாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து ஒப்புகை எண் வாங்கினார்கள்.

அதன் பின்

ரீடைரக்ட் நின்றது. அன்றே பலமுறை ரீஸ்டார்ட் செய்து ரெஜிஸ்ட்ரியைப் பார்த்தேன், பதிவு திரும்பவில்லை. காலையில் வரும் கறுப்பு ஜன்னலும் வரவில்லை. அடுத்த வாரங்களில் போனில் விசாரித்தபோதும் அப்படியே.

நடுவில் ஒரு பதற்றம். உள்ளறை சிஸ்டத்தின் வலது மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று சிவப்பாக ஒன்று எட்டிப் பார்க்கிறது என்றார்கள். போனிலேயே பார்த்துவிட்டோம்: ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்டு, யாரோ ‘அலவ்’ கொடுத்திருக்கிறார்கள். குரோம் அமைப்பில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்ததும் முடிந்தது. அது பழையதன் மிச்சம் இல்லை.

வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ததில் ஒருவர் சத்தம் போட்டார். பெரும்பாலானவர்கள் ‘அதையும் நீங்களே மாத்தி விட்ருங்க’ என்றார்கள். அவர்களைக் கடைக்கு வரச் சொல்லி, அவரவர் போனில் மாற்ற டைப்பிங் பார்க்கும் பெண் உதவினார். எதிர்க் கடைக்கு யாரும் போனதாகத் தகவல் இல்லை. 499 ரூபாய் இதை எழுதும் வரை திரும்பவில்லை.

மாறியவையும் மாற வேண்டியவையும்

கவுண்டரில் இப்போது அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு. எதையாவது ஏற்ற வேண்டுமென்றால் கடைக்காரரின் பாஸ்வேர்டு கேட்கும். அந்த பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிய ரெஜிஸ்ட்ரி இடத்தில் எழுத அட்மின் உரிமை வேண்டும். இந்த ஒரு ஏற்பாடு முன்பே இருந்திருந்தால் கதை பாதியில் நின்றிருக்கும்.

வாடிக்கையாளர் லாகின் எல்லாம் குரோமின் கெஸ்ட் ஜன்னலில். மூடினால் குக்கீயும் போய்விடும், பாஸ்வேர்டும் தங்காது. தினமும் தேவைப்படும் அரசுத் தளங்களை புக்மார்க் பட்டையில் வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். பட்டாவுக்குக் கூகுளில் தேடுகிற பழக்கமே வேண்டாம். தேடுகிற பழக்கம் இருக்கும் வரை, ரீடைரக்ட் இல்லாத சுத்தமான கம்ப்யூட்டரிலும் விளம்பரமாக மேலே நிற்கும் போலித் தளத்தை அழுத்த வாய்ப்பு உண்டு. கெஸ்ட் ஜன்னலில் புக்மார்க் வராது என்பதால் முகவரிகளை அச்சடித்து மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்கள். அழகாக இல்லை, வேலை நடக்கிறது.

பிடிஎஃப் வேலைக்குத் திறந்த மூல மென்பொருளான லிப்ரே ஆபிஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்துப் போட்டேன். போட்டோ அளவைக் குறைக்க விண்டோஸில் ஏற்கெனவே உள்ள பெயின்ட் போதும் என்று காட்டியபோது இருவருக்குமே ஆச்சரியம். கிராக் மென்பொருளுக்குப் பதிலாக ஜிம்ப் என்ற இலவச போட்டோ எடிட்டிங் மென்பொருளைப் போட்டுத் தந்திருக்கிறேன். கடைக்காரர் கை இன்னும் பழகவில்லை, பழையதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

முடியாமல் நிற்பது ஒன்று. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. கவுண்டர் சிஸ்டத்தில் விண்டோஸ் 11 ஏறும். உள்ளறை சிஸ்டத்தின் பிராசசர் பழையது, ஏறாது. அதைக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம், தனிநபர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. அதற்குள் வேறு சிஸ்டம் வாங்குவதா, அதிலேயே லினக்ஸ் போட்டு பிரிண்டர் ஒத்துழைக்கிறதா என்று பார்ப்பதா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.